"ஒரு மாதிரியா இருக்கு" என்றால் எந்த மாதிரி?

"ஒரு மாதிரியா இருக்குத்தா."

ஆச்சி சொன்னது அவ்வளவுதான். வயது 78. கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீட்டில் அவர் ஒருவர்தான். மகன் சிங்கப்பூரில், மகள் சென்னையில். ஆறு மாதமாக நெஞ்சுக்குள் இந்த "ஒரு மாதிரி". இசிஜி எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள். எல்லாம் வயதுக்கேற்றபடி சரியாகவே இருந்தது. "தனியா இருக்காகள்ல, அதான்" என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டினார்கள். மகன் தினமும் இரண்டு வேளை வீடியோ காலில் வந்தார். மகள் மாதம் ஒருமுறை பல்லவன் ரயிலில் வந்து இறங்கினார். ஒரு மாதிரி மட்டும் அப்படியே இருந்தது. கடைசியில் காரைக்குடியில் என்னிடம் கூட்டி வந்தார்கள். (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக ஊரையும் குடும்ப விவரத்தையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.)

மனநல ஆலோசனை என் தொழில். "என்ன செய்யுது?" என்று கேட்டால் என் அறையில் வரும் பதில்களில் முக்கால்வாசி மூன்றே வாக்கியங்களில் அடங்கிவிடும். "ஒரு மாதிரியா இருக்கு." "மனசே சரியில்ல." இளவட்டமாக இருந்தால் "கடுப்பா இருக்கு." மூன்றுமே உண்மைதான். ஆனால் உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் போனால் அவர் அதோடு விடுவதில்லை. எங்கே, எப்போதிருந்து, குத்துகிறதா, எரிகிறதா, சுருக்கென்று இழுக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போவார். மனசு சரியில்லை என்றால் அப்படிக் கேட்பார் இல்லை. "எல்லாம் சரியாப் போயிரும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்தக் கட்டுரை "எந்த மாதிரி?" என்கிற அந்தக் கேள்வியைப் பற்றியது. உளவியலில் இதற்கு "இமோஷனல் கிரானுலாரிட்டி" என்று பெயர். தமிழில் உணர்வு நுணுக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். கிரானுல் என்றால் குருணை. ஒருவர் தன் மனதில் நடப்பதைக் கட்டி கட்டியாகப் பார்க்கிறாரா, குருணை குருணையாகப் பிரித்துப் பார்க்கிறாரா என்பதுதான் விஷயம்.

எங்கள் ஐயா கணக்கெழுதிப் பிழைத்தவர். பினாங்கில் ஒரு கிட்டங்கியில் (வட்டிக்கடைகள் நடக்கும் கட்டடம்) கடைசி நிலையான பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, முதலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்து, ஊர் திரும்பியவர். வீட்டுச் செலவுக்கும் சிட்டை (அன்றாடக் குறிப்பு), பேரேடு (முடிவான கணக்கு) எல்லாம் உண்டு. பள்ளி விடுமுறையில் சிட்டை எழுதுகிற வேலை எனக்கு. ஒருநாள் கணக்கு உதைத்தது. விட்டுப்போனது நினைவுக்கு வராமல் "இதரச் செலவு ரூ.40" என்று எழுதி மூடினேன். ஐயா அந்த வரியில் விரலை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "இதரம்னா என்னாத்தா? இதரம்டு ஒரு கடை இருக்கா? அங்க போயி என்ன வாங்குன?" என்றார். அன்று இரவுச் சாப்பாடு வரைக்கும் நான் அந்த நாற்பது ரூபாயைத் தேடினேன். பதினெட்டு ரூபாய் ரவை, பன்னிரண்டு ரூபாய் நல்லெண்ணெய், பத்து ரூபாய் கோயிலுக்குப் பூ.

"மனசு சரியில்ல" என்பது மனக்கணக்கில் இதரச் செலவு. எழுதி மூடிவிடலாம். எதில் போனது என்று தெரியாது. ஆகவே எதில் குறைப்பது என்றும் தெரியாது.

பேரட் கண்டது

இந்தக் கருத்துக்குப் பெயர் வைத்தவர் லிசா ஃபெல்ட்மன் பேரட் என்ற அமெரிக்க உளவியலாளர். மாணவியாக ஆராய்ச்சி செய்தபோது ஒரு சிக்கலில் மாட்டினார். பதற்றம் வேறு, மனச்சோர்வு வேறு என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் அவர் ஆய்வுக்கு வந்தவர்களில் பலர் இரண்டுக்கும் ஒரே மாதிரி மதிப்பெண் போட்டார்கள். பதற்றம் அதிகம் என்று குறித்தவர்கள் சோகத்தையும் அதே அளவுக்கு அதிகம் என்று குறித்தார்கள். முதலில் தன் ஆய்வில்தான் பிழை என்று நினைத்தார். பிறகுதான் பிடிபட்டது: சிலருக்கு அந்த இரண்டு சொல்லும் ஒரே பொருள். இரண்டுமே "நல்லா இல்லை" என்பதற்கு வேறு வேறு உச்சரிப்பு, அவ்வளவுதான்.

இதை அளப்பது எப்படி? "உங்களுக்கு நுணுக்கம் உண்டா?" என்று கேட்டால் எல்லோரும் உண்டு என்றுதான் சொல்வோம். அதனால் சுற்றுவழி. சில நாட்களோ வாரங்களோ, ஒரு நாளைக்குப் பல முறை, இந்த நிமிடம் கோபம் எவ்வளவு, பயம் எவ்வளவு, சோகம் எவ்வளவு, வெட்கம் எவ்வளவு என்று குறிக்கச் சொல்வார்கள். ஒருவருடைய தாளில் இந்த வரிசைகள் எல்லாம் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கினால் அவர் பிரித்துப் பார்ப்பதில்லை என்று பொருள். திங்கட்கிழமை கோபம் மட்டும் ஏறி, செவ்வாய்க்கிழமை கோபம் இறங்கி வெட்கம் ஏறினால் அவரிடம் சல்லடை நுணுக்கமாக இருக்கிறது. எவ்வளவு அழகாகப் பேசுகிறார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேடைப் பேச்சாளராக இருந்து, வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே கோபம் காட்டுகிறவர்களை நமக்குத் தெரியும்தானே.

ஏன் இது முக்கியம்? ஒவ்வோர் உணர்வும் ஒரு தகவல். பயம் என்றால் எதிரே ஏதோ வருகிறது, தயாராகு. கோபம் என்றால் யாரோ எல்லை மீறியிருக்கிறார்கள், பேசு. குற்ற உணர்ச்சி என்றால் நான் மீறியிருக்கிறேன், சரிசெய். அலுப்பு என்றால் படு. நான்கும் நான்கு வேலை சொல்கின்றன. நான்கையும் கலக்கி "கடுப்பு" என்று ஊற்றிவிட்டால் வேலை எதுவும் தெரியாது. கையில் கிடைக்கிற ஒரே மருந்தைத்தான் எடுப்போம்: போனைப் பார்ப்பது, யார் மீதாவது எரிந்து விழுவது, இல்லாவிட்டால் குடி.

குடி என்று சும்மா சொல்லவில்லை. 2010இல் வந்த ஓர் ஆய்வு, குடிப்பழக்கம் உள்ள இளைஞர்களைத் தினசரிக் குறிப்பு மூலம் பார்த்தது. மனது மிகவும் கெட்டிருந்த வேளைகளில், உணர்வைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகக் குடித்தார்கள். வலி இருவருக்கும்தான். ஆனால் ஒருவருக்கு அது எந்த வலி என்று தெரிந்திருந்தது.

சொல் எப்படி உடம்பைத் தொடுகிறது

வயிற்றைப் பிசைகிறது. இது என்ன? பசியா, பரீட்சை முடிவு வரப்போகிற பயமா, நாளைக்குப் பொண்ணு பார்க்க வருகிறார்கள் என்ற ஆர்வமா, நேற்றைய பரோட்டாவா? உடம்பு தருகிற சேதி பெரும்பாலும் மொட்டையாகத்தான் வருகிறது: இதயம் வேகம், கை வியர்வை, வயிறு கலக்கம். சூழ்நிலையையும், பழைய அனுபவத்தையும், நமக்குத் தெரிந்த சொற்களையும் வைத்து மூளைதான் அதற்கு ஓர் அர்த்தம் கட்டுகிறது என்பது பேரட் தரப்பு. அடிப்படை உணர்வுகள் எல்லா மனிதருக்கும் பிறவியிலேயே வந்தவை, முகத்திலேயே எழுதியிருக்கும் என்பது இன்னோர் அமெரிக்க உளவியலாளரான பால் எக்மன் தரப்பு. 1960களின் கடைசியில் பப்புவா நியூ கினியின் மலைமக்களிடம் படங்களைக் காட்டி அவர் செய்த ஆய்வு புகழ்பெற்றது. இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. புதிதாகப் படிக்க வருகிறவர்கள் இதில் கட்சி சேர வேண்டியதில்லை. உணர்வு பிறவியில் வந்தாலும் மூளை கட்டியதானாலும், அதைச் சரியாக அடையாளம் கண்டால் பயன் என்பதில் இரண்டு பக்கமும் பெரிதாக மோதவில்லை.

எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. 2012, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். சிலந்தி என்றால் நடுங்குகிற 88 பேர். எதிரே உயிருள்ள டரான்டுலா. உள்ளங்கை அகலச் சிலந்தி. ஒரு குழு தன் பயத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "இந்த அசிங்கமான சிலந்தி என் மேலே பாய்ஞ்சிருமோன்னு பயமா இருக்கு" என்கிற மாதிரி. இன்னொரு குழு தன்னைத் தேற்றிக்கொள்ள வேண்டும்: "சின்ன ஜீவன்தானே, ஒண்ணும் செய்யாது." மூன்றாவது குழு சம்பந்தமில்லாத எதையாவது பேசும். நான்காவது குழு எதுவும் சொல்லாமல் பார்க்கும். ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் சிலந்தி முன்னால் நிறுத்தினார்கள். பயத்தைப் பெயர் சொல்லிப் பேசிய குழுவுக்குக் கை வியர்ப்பது மற்ற குழுக்களைவிடக் குறைந்திருந்தது. கொஞ்சம் கிட்டேயும் போனார்கள். அந்தக் குழுவுக்குள்ளேயே பயச் சொற்களை அதிகம் பயன்படுத்தியவர்களுக்குப் பலன் அதிகம். வேடிக்கை என்னவென்றால், எங்கள் பயம் குறைந்துவிட்டது என்று அவர்கள் வாயால் சொல்லவில்லை. உடம்புதான் சொன்னது.

நம் வீடுகளில் அழுகிற பிள்ளைக்கும் பயந்த பெரியவருக்கும் நாம் கொடுப்பது இரண்டாவது குழுவின் மருந்து. "அதெல்லாம் ஒண்ணுமில்ல." இந்த வாக்கியத்தை ஒரு வருடத்துக்கு யாரும் சொல்லக்கூடாது என்று தடை வந்தால் என் அறையில் கூட்டம் குறையும் என்பது என் எண்ணம்.

இதே பல்கலைக்கழகத்தில் 2007இல் உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழு மூளை ஸ்கேனிலும் பார்த்தது. கோபமான, பயந்த முகங்களின் படத்தைக் காட்டி, அதற்கான உணர்ச்சிச் சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, அபாய மணி அடிக்கிற அமிக்டலா என்ற பகுதியின் துடிப்பு தணிந்தது; நெற்றிக்குப் பின்னால் வலப்பக்கம் ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்தது.

எட்டும் முப்பத்திரண்டும்

இதெல்லாம் அமெரிக்கச் சமாசாரம் என்று தோன்றினால், தொல்காப்பியம் பொருளதிகாரத்தின் ஆறாவது இயலைத் திறந்து பாருங்கள். மெய்ப்பாட்டியல். மெய்யில் படுவது மெய்ப்பாடு. உள்ளே நடப்பது உடம்பில் தெரிவது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. அது கவிதைக்காக எழுதிய இலக்கணம், மனநல நூல் அல்ல. ஆனால் எட்டோடு நிறுத்தாமல் ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நந்நான்கு காரணம் சொல்கிறது பாருங்கள், அங்கேதான் நான் அசந்துபோனேன்.

அழுகை நான்கிலிருந்து வரும்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்ததால் வரும் அழுகை, இழந்ததால் வரும் அழுகை, இல்லாமையால் வரும் அழுகை ஆகியவை நமக்குப் புரியும். நடுவில் நிற்கிற அசைவு? முன்பிருந்த நல்ல நிலை கெட்டு, வேறொரு நிலைக்கு வந்து வருந்துவது என்று உரை விளக்கம் உண்டு. பர்மாத் தேக்குத் தூண் நின்ற இடத்தில் செங்கல் முட்டுக் கொடுத்த வளவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை எங்கள் பக்கம் எந்த ஊரிலும் பார்க்கலாம். யாரும் சாகவில்லை, சாப்பாட்டுக்கும் குறைவில்லை. ஆனாலும் தொண்டை அடைக்கும். "எதுக்கு வருத்தம், எல்லாம்தான் இருக்கே" என்று பேரன் கேட்பான். இழவும் இல்லை, வறுமையும் இல்லை, அசைவு. இப்படி ஒரு சொல் இருப்பதே எனக்குத் தெரியாமல் பல வருடம் தொழில் செய்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று: இளிவரல். தன்னைத் தானே தாழ்வாக உணர்ந்து கூனிக் குறுகுவது. அதன் நான்கு காரணம் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. மூப்பு முதலில் நிற்கிறது. ஆச்சியிடம் திரும்புவோம்.

முதல் இரண்டு சந்திப்பிலும் தனிமை பற்றித்தான் பேசினோம். நானும் சொந்தக்காரர்கள் எழுதிக் கொடுத்த சீட்டையே படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறை கேள்வியை மாற்றினேன். "இந்த ஒரு மாதிரி எந்த நேரத்துல வருது ஆச்சி?"

"காலையில."

"எந்திரிச்ச உடனேயா?"

"இல்ல. வாசத் தொறக்கையில."

அவர் வீட்டு வாசல் கதவுக்கு ஒரு சாண் நீள இரும்புச் சாவி. உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கலாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விடியற்காலை அந்தக் கதவைத் திறந்து தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவது அவர் வேலை. தை மாதத்திலிருந்து மணிக்கட்டு திரும்பவில்லை. சாவி பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் கொல்லைக் கதவைத் திறந்து, சந்து வழியாகச் சுற்றி முன்பக்கம் வந்து, திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பால் ஊற்ற வருகிற பையன் சாவியை வாங்கித் திருப்புவான்.

"நல்ல பயதான். சிரிச்சுக்கிட்டே சொல்றான், நான் வராட்டி ஆச்சி வீட்டு வாசலே தொறக்காதுண்டு. எனக்குக் கூசிப்போச்சுத்தா."

கூசிப்போச்சு. ஆறு மாத "ஒரு மாதிரி"க்குள் இருந்த சொல் இதுதான். தனிமை கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் காலையில் நெஞ்சைப் பிடித்தது அது இல்லை. கூச்சத்துக்கு வீடியோ கால் மருந்தாகுமா? சொல்லப்போனால் அது கூச்சத்தைக் கூட்டியது. "காலையில அவன் கூப்பிடுறப்ப நான் திண்ணையில சாவியோட உக்காந்திருப்பேன். அது தெரியப்படாதுண்டு போனைத் திருப்பித் திருப்பிப் பிடிப்பேன்" என்றார்.

மகளிடம் சொன்னோம். பூட்டைக் கழற்றி எண்ணெய் போட்டு, சாவியின் வளையத்துக்குள் நுழைகிற மாதிரி ஒரு முழ நீளக் கம்பியை இரும்புப் பட்டறையில் அடித்து வாங்கினார். கம்பியைக் கோத்து அழுத்தினால் மணிக்கட்டைத் திருப்பவே வேண்டாம், சாவி தானாகச் சுற்றும். நெம்புகோல் தெரிந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. செலவு முந்நூறு ரூபாய்க்குள். எக்கோவுக்கு எவ்வளவு ஆனது என்று நான் கேட்கவில்லை.

நம் பெட்டியில் இருக்கும் சொற்கள்

தமிழில் உணர்வுச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. புழக்கத்தில்தான் தேய்ந்துவிட்டது. மனத்தாங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கோபத்தோடு சேர்த்துவிடுகிறோம். தெருவில் இடித்துவிட்டுப் போகிற பைக்காரன் மீது கோபம் வரும், மனத்தாங்கல் வராது. மனத்தாங்கல் வர அவர் நம்மவராக இருக்க வேண்டும். நமக்கு அவரிடம் ஓர் எதிர்பார்ப்பும் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் இது நன்றாக விளையும். பத்திரிகை வந்தது, ஆனால் நேரில் வந்து அழைக்கவில்லை. அழைத்தார்கள், ஆனால் முகப்பில் நின்று "வாங்க" என்று கேட்கவில்லை. சாப்பாடு அருமை, பணியாரம் அருமை, ஆனாலும் வீடு திரும்பிய பிறகு பத்து வருடம் பேசமாட்டார்கள். இதைக் கோபம் என்று பெயரிட்டால் தீர்வு சண்டை, இல்லாவிட்டால் மன்னிப்பு. மனத்தாங்கல் என்று பெயரிட்டால் அடியில் இருப்பது பாசம் என்று தெரியும். நேரில் போய் ஒரு காபி குடித்தாலே பாதி கரையும்.

அலுப்பும் சலிப்பும் ஒன்றில்லை. அலுப்பு உடம்புக்கு, தூங்கினால் போகும். சலிப்பு திரும்பத் திரும்பச் செய்வதால் வருவது. தூங்கி எழுந்தாலும் அங்கேயே நிற்கும். ஏக்கம் கிடைக்காததை நோக்கியது. ஆதங்கம், இப்படி நடந்திருக்கலாமே என்று நம் அக்கறை முட்டி நிற்பது. ஆற்றாமை, செய்ய நினைத்தும் கை எட்டாதபோது வருவது. வயிற்றெரிச்சல் பொறாமை மட்டுமல்ல. எனக்கு நியாயமாக வரவேண்டியது அவனுக்குப் போய்விட்டதே என்ற வழக்கும் அதில் இருக்கிறது. என் விளக்கம் எல்லோருக்கும் பொருந்தும் என்று சாதிக்கமாட்டேன். உங்கள் வீட்டில் ஆதங்கம் வேறு பொருளில் வழங்கலாம். நீங்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போடுகிறீர்களா என்பதுதான் கேள்வி.

நல்ல உணர்வுக்கும் இதே கதை. "நல்லா இருக்கேன்" என்பதற்குள் நிம்மதி, பூரிப்பு, நெகிழ்ச்சி, திருப்தி எல்லாம் கிடக்கும். பிள்ளை வேலைக்குச் சேர்ந்தபோது வந்தது பூரிப்பா, கடன் அடையும் என்ற நிம்மதியா? இரண்டாவதாக இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் கதை ஒன்று. எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம். பத்து நாள் வீடு நிறைய சனம். எல்லோரும் கிளம்பிய மறுநாள் நான் காரணமில்லாமல் எல்லோர் மீதும் சள்ளென்று விழுந்துகொண்டிருந்தேன். வீடு வெறிச்சென்று போய்விட்டது, அந்த வருத்தம்தான் என்று அத்தான் சொன்னார், நானும் தலையாட்டினேன். ராத்திரி பாத்திரங்களை எண்ணி உள்ளறையில் அடுக்கும்போதுதான் பிடிபட்டது. வருத்தமே இல்லை. அப்பாடா என்றிருந்தது. சொந்தக்காரர்கள் போனதில் சந்தோஷப்படுகிறாயா என்று எனக்குள்ளேயே ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தது. நிம்மதியும் குற்ற உணர்ச்சியும் சேர்ந்து எரிச்சலாக வெளியே வந்திருக்கின்றன. ஊருக்கெல்லாம் சொல்கிறவளுக்கே ஒரு பகல் முழுக்கத் தேவைப்பட்டது.

செய்து பார்க்க

சிட்டை எழுதுகிற மாதிரிதான். நாளுக்கு ஒரு முறை போதும். ஒரு வரி: எப்போது, எங்கே, உடம்பில் எந்த இடம், என்ன சொல். முதல் சொல் பெரும்பாலும் "கடுப்பு" என்றுதான் வரும். வரட்டும். அதை அடித்துவிட்டு, கடுப்பு என்ற சொல்லே தமிழில் இல்லாவிட்டால் என்ன எழுதியிருப்பேன் என்று கேளுங்கள். ஆத்தங்குடியில் டைல் செய்கிற ஒரு தம்பிக்கு இதைச் சொன்னேன். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, அதன் ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு நிறக் கலவையை ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்குகிற வேலை அவருக்கு. இரண்டு வாரம் கழித்து அவர் நோட்டில் கடுப்பு நான்காகப் பிரிந்திருந்தது: முதலாளி எல்லோர் முன்னாலும் திட்டியதில் அவமானம், கூலி பாக்கியில் பயம், தங்கச்சி கல்யாணத்தில் பொறுப்பின் பாரம், நாலாவது வெறும் பசி. மதியம் மூன்று மணிக்குச் சாப்பிடுகிறவருக்கு இரண்டு மணிக்கு வருகிற கடுப்பில் தத்துவம் தேட வேண்டாம். சாப்பாட்டை ஒன்றரைக்கு மாற்றினார்.

ஒரு எச்சரிக்கை. பேரேடு வேறு, சிட்டை வேறு. சிட்டையில் எழுதுவது தற்காலிகம், நாளைக்குத் திருத்தலாம். உணர்வின் பெயரையும் அப்படித்தான் எழுத வேண்டும். 2021இல் வந்த சோதனைகளில், உணர்வுக்கு முதலில் பெயர் சூட்டச் சொன்னபோது, அதன் பிறகு அதை வேறு கோணத்தில் பார்த்துத் தணிப்பது கடினமானதும் தெரிந்தது. பெயர் வைத்ததும் மனது அதையே இறுகப் பிடித்துக்கொள்ளலாம். "நான் அவமானப்பட்டவள்" என்று ஆயுளுக்கும் முத்திரை குத்திக்கொள்வதற்கல்ல இந்தப் பயிற்சி. ஒரே காயத்தை மணிக்கணக்கில் நோண்டிக்கொண்டிருப்பதும் இது அல்ல. நோண்டுவது மனச்சோர்வை வளர்க்கும் என்று ஆய்வுகள் உறுதியாகவே சொல்கின்றன. ஒரு வரி, ஒரு சொல், நோட்டை மூடு.

மனச்சோர்வு நோய் உள்ளவர்களுக்குக் கெட்ட உணர்வுகளைப் பிரித்தறிவது குறைவாக இருக்கிறது என்றும் கண்டிருக்கிறார்கள். நோயால் நுணுக்கம் குறைந்ததா, நுணுக்கம் குறைந்ததால் நோய் வந்ததா என்பதை அந்த ஆய்வு மட்டும் சொல்லிவிடாது. ஆகவே இதை மருந்து என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்தது எதிலும் ஈடுபாடில்லாமல் போனால் சொல் தேடிக்கொண்டிருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

ஆச்சியைப் போன வாரம் பார்த்தேன். வாசலில் கோலம் இருந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் அந்தக் கம்பி தொங்கியது. மகனிடம் காலை அழைப்பு வேண்டாம், ராத்திரி மட்டும் போதும் என்று சொல்லிவிட்டாராம்.

"இப்ப எப்படி இருக்கீக? ஒரு மாதிரி இருக்கா?"

"ஒரு மாதிரியெல்லாம் இல்லத்தா. இன்னைக்குக் கோவம். வேலைக்கு வர்றவ சொல்லாமக் கொள்ளாம லீவு போட்டுட்டா." காபியை ஆற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். "கோவம் பாதிதான். மிச்சம் பயம். அவளும் திருப்பூருக்குப் போயிட்டாளோண்டு."

போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார். மூன்றாவது மணியில் எடுத்தாள். பிள்ளைக்குக் காய்ச்சலாம்.